சண்முகத்தாய் ஸ்டோர்ஸ், சாத்தூர்

வடக்கூர், சாத்தூர் வழி
2-6-2025

அன்பு மகள் கற்பகவல்லிக்கு,

உன் அய்யா சுடலை எழுதுவது. நானே எழுதுகிறேன் தாயி. நான் சொல்லி வேறு யாரும் எழுதித் தரவில்லை. இந்த வரிக்கு வந்து சேர ஒரு காலைப்பொழுது ஆகிவிட்டது. எழுத்து கோணலாக இருந்தால் தலையைச் சாய்த்து வைத்துப் படி.

போன கார்த்திகையில் உன் காலண்டர் கம்பெனியில் வைத்து நாம் சண்டை போட்டோம். ஏஜெண்ட் முனியராஜுக்குக் கமிஷன் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை, இனிமேல் ஏஜெண்டே வேண்டாம் என்றாய். "மூஞ்சியப் பாக்காம எவன் தாயி ஆர்டர் குடுப்பான்?" என்று கேட்டேன். காலண்டரின் மேல்விளிம்பில் டின் பட்டை அடிக்கும் பெண்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு நம்மைப் பார்த்தார்கள். "எழுதப் படிக்கத் தெரியாதவுகளுக்கு இதுல என்ன பேச்சு?" என்று சொன்னாய். நான் பஸ் ஏறிவிட்டேன். அதற்குப் பிறகு நீயும் போன் போடவில்லை, நானும் போடவில்லை.

கொஞ்ச நாள் கோபமாகத்தான் இருந்தேன். பிறகு யோசித்தால், நீ சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நம்மூர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார்கள். போய் உட்கார்ந்துவிட்டேன். சொல்லித் தருவது வேல்விழி என்று ஒரு சின்னப் பெண். டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறோம். ராமுத்தாயும் முத்துப்பேச்சியும் பட்டாசு செய்யும் வெடி ஆபீஸில் வேலை முடிந்து நேராக வருவார்கள். விரலில் வெள்ளிப் பொடி போயிருக்காது. அவர்கள் தொட்ட பக்கமெல்லாம் மினுங்கும். அங்கே என்னோடு வெடிமருந்து கலந்த பத்திரகாளியும் வருகிறான்.

வகுப்புச் சுவரில் தொங்குவது உன் கம்பெனிக் காலண்டர். யார் உதவியும் இல்லாமல் நான் படித்த முதல் வார்த்தை அதன் அட்டையில் இருந்தது. கற்பகம் காலண்டர்ஸ், திருத்தங்கல். படித்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். "உக்காருங்க தாத்தா, தேசிய கீதம் இன்னும் பாடல" என்றார் டீச்சர்.

இன்னொன்று. மருந்து கலந்து ரேகை தேய்ந்துபோனதால் ரேஷன் கடை மெஷினில் என் விரல் விழாது, உனக்குத் தெரியும். போன மாதம் "நோட்டைக் குடுங்க, கையெழுத்துப் போடுறேன்" என்றேன். சாமான் போடுகிறவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான் பார்த்தார்.

பதில் போடு. போனில் பேசினால் இரண்டு பேரும் கத்துவோம். காகிதத்தில் கத்த முடியாது. எத்தனை நாள் ஆனாலும் நானே படித்துக்கொள்வேன்.

உன் அய்யா
சுடலை


திருத்தங்கல்
11-6-2025

அன்புள்ள அய்யாவுக்கு,

கவரைப் பார்த்து யாரோ வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். இப்போதெல்லாம் எனக்கு அதுதான் முதலில் தோன்றுகிறது. உள்ளே உங்கள் எழுத்து. உங்கள் மருமகனிடம் காட்டினேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

அன்றைக்கு நான் சொன்னதைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. விட்டுவிடுகிறேன்.

கம்பெனி நிலவரம் நன்றாக இல்லை. இரண்டு சீசனாக ஆர்டர் இறங்கிக்கொண்டே போகிறது. தேதி பார்க்கப் போன் போதும் என்று ஆகிவிட்டது. முனியராஜ் மாமா நம் மாதிரிப் படங்கள் உள்ள ஆல்பத்தோடு வேறு கம்பெனி ஆல்பங்களையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போகிறார். நம்முடையதை எத்தனாவதாகக் கடைக்காரருக்கு விரித்துக் காட்டுகிறாரோ, தெரியாது. வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் அனுப்பிப் பார்த்தேன். பட்டாசுக் கடைக்காரர்கள் அனுப்பும் பட்டியல்களோடு அதுவும் ஒரு தொந்தரவு என்று யார் யாரோ புகார் செய்து, என் நம்பரையே முடக்கிவிட்டார்கள்.

கடைசியாக மெயில்தான் மிச்சம். பல பேருக்கு ஒரே நேரத்தில் மெயில் அனுப்பித் தருவதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். சின்னக் கம்பெனியில் கட்டணம் குறைவு. எத்தனை பேர் திறந்தார்கள் என்று மொத்தமாகச் சொல்லும், அவ்வளவுதான். பெரிய கம்பெனியில் வருடக் கட்டணம், அதுவும் அதிகம். ஆனால் எந்தக் கடை திறந்தது, எத்தனை தடவை திறந்தது என்று பெயரோடு காட்டும். இரண்டும் முதலில் கொஞ்ச நாள் இலவசம். பழைய வாடிக்கைக் கடைகளைச் சின்னதில் போட்டிருக்கிறேன். காலண்டர் அட்டையின் பின்பக்கம் ஒரு கியூஆர் கட்டம் அச்சடித்திருந்தோம். அதைப் போனில் காட்டிப் பெயர் பதிகிற புதுக் கடைகள் பெரியதில் சேரும். இதுவரை யாரும் பதியவில்லை.

ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டுப் புது ஆல்பம் வெளியிட வேண்டும். அதற்குள் எந்தக் கம்பெனி என்று முடிவு செய்தாக வேண்டும். இந்த சீசனும் போனால் அடுத்த ஆடிக்குக் கற்பகம் காலண்டர்ஸ் இருக்காது, அய்யா. டின் அடிக்கும் பெண்களிடம் இதை இன்னும் சொல்லவில்லை. அவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு வேலை பார்க்கும்போது என்னால் அந்தப் பக்கம் போக முடியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கற்பகவல்லி


வடக்கூர்
19-6-2025

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை மூன்று நாளில் படித்தேன். 'முடக்கிவிட்டார்கள்' என்ற இடத்தில் மட்டும் டீச்சரிடம் கேட்டேன். அவர் வேறு எதையும் பார்க்காதபடி மற்ற வரிகளைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

கம்பெனி இருக்கும் தாயி. மனதை விடாதே. நீ எழுதியிருந்ததில் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு வகுப்பில் ஒரு வேலை ஆரம்பித்திருக்கிறோம். என்ன வேலை என்று சொல்ல மாட்டேன். ஆடிப்பெருக்கு அன்று நேரில் வந்து சொல்வேன். சொல்லாமல் வைத்திருப்பதே பெரிய சந்தோஷமாக இருக்கிறது. உன் அம்மா இருந்தவரை அவளிடம் நான் எதையும் ஒளித்ததில்லை, அதனால் இந்தச் சந்தோஷம் எனக்குப் புதிது.

எங்களுக்குப் புதுப் பாடம் வந்திருக்கிறது. வாரம் இரண்டு வருகிறது. பழைய பாடப் புத்தகத்தில் பட்டம், படகு, பசு என்று இருக்கும். பத்திரகாளி, "ஏலே சொடலை, இந்த வயசுல பட்டமா விடப் போறோம்?" என்று அலுத்துக்கொள்வான். இந்தப் பாடத்தில் உண்மையான விஷயங்கள் இருக்கின்றன. முருகன் படம், லட்சுமி படம், பெரிய சைஸ், சின்ன சைஸ் என்று வருகிறது. அடுத்த பாடம் எப்போது வரும் என்று ராமுத்தாய் வேலையிலிருந்து வரும்போதே கேட்டுக்கொண்டு வருகிறாள்.

உன்னிடம் ஒரு சந்தேகம். மெயிலைத் திறப்பது உனக்கு நல்லதா? ஒருவரே பல தடவை திறந்தால் தப்பு இல்லையே? அதனால் உனக்குச் செலவு கூடுமா? அதை மட்டும் எழுது.

உன் அய்யா
சுடலை


திருத்தங்கல்
30-6-2025

அன்புள்ள அய்யா,

திறப்பது நல்லதுதான். எத்தனை தடவை திறந்தாலும் செலவு இல்லை. திறக்கத் திறக்க, அவர்கள் வாங்கப் போகிறார்கள் என்று அர்த்தம். மெயில் கம்பெனிக்காரர்களே அப்படித்தான் சொல்கிறார்கள்.

உங்களிடம் சொல்ல ஒரு நல்ல செய்தி கிடைத்திருக்கிறது. நல்ல செய்தி எழுதிப் பழக்கமில்லாமல் கை தயங்குகிறது.

இரண்டு வாரமாகப் பெரிய கம்பெனிப் பக்கம் புதுக் கடைகள் வந்து பதிகின்றன. எல்லாம் சாத்தூரும் அதைச் சுற்றிய ஊர்களும். பத்திரகாளி டிரேடர்ஸ், ராமுத்தாய் ஜவுளி, முத்துப்பேச்சி பாத்திரக் கடை. பெயர்களைப் பார்த்தாலே நம் ஊர்க் காற்று அடிக்கிறது. சின்னக் கம்பெனி வழியாகப் பழைய கடைகளுக்குப் போன மெயிலை அநேகமாக ஒருவரும் திறக்கவில்லை. பெரியதில் போனதை எல்லோருமே திறக்கிறார்கள். இவ்வளவு நாளும் மெயிலில் குறை என்று நினைத்தேன். குறை அனுப்புகிற கம்பெனியில்தான் இருந்திருக்கிறது.

அய்யா, அதில் ஒரு கடைக்கு அம்மா பெயர். சண்முகத்தாய் ஸ்டோர்ஸ், சாத்தூர். மெயில் போனதும் முதலில் திறப்பது அந்தக் கடைதான். ஒரே மெயிலைக் காலையில் திறக்கிறார்கள், மத்தியானம் திறக்கிறார்கள், சாயங்காலம் மறுபடியும் திறக்கிறார்கள். ஒரு விலைப்பட்டியலை இவ்வளவு நேரம் படிக்கும் வியாபாரியை நான் பார்த்ததே இல்லை. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் அந்தப் பெயர் வந்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். வந்திருந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்குகிறது.

அம்மாவே வழி காட்டுகிறாள் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கு வேறு யாரும் வழி காட்டவில்லை.

கற்பகவல்லி


வடக்கூர்
8-7-2025

அன்பு மகளுக்கு,

நான் சிரிக்கவில்லை. உன் கடிதத்தில் உன் அம்மா பெயர் வந்த இடத்தில் அழுதேன். பிறகு அந்த இடத்தையே பல தடவை படித்தேன். அழுதுகொண்டே படிக்க முடிகிறது என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

அந்தக் கடைக்காரரை எனக்குத் தெரியும் தாயி. நல்ல மனிதர். கொஞ்சம் மெதுவான ஆள். இதற்கு மேல் இப்போது சொல்ல மாட்டேன்.

திறப்பது உனக்கு நல்லது என்று நீ எழுதியதை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். கைதட்டினார்கள். ஏன் கைதட்டினார்கள் என்று ஆடிப்பெருக்கு அன்று தெரிந்துகொள்வாய். பக்கத்து ஊர் வகுப்புகளும் எங்கள் பாடத்தையே எடுத்துக்கொண்டுவிட்டன.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபப்படாதே. மெயில் ஒரு பக்கம் போகட்டும். ஆல்பத்தைப் பூஜையில் வைத்து எடுத்ததும் முதல் ஆல்பத்தை முனியராஜ் கையில் கொடுத்துவிடு. வருடா வருடம் உன் கையிலிருந்துதான் வாங்கிக்கொண்டு போகிறான். அவன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால்தான் சீசன் பிறந்த மாதிரி இருக்கும்.

சட்டை துவைத்து வைத்துவிட்டேன்.

உன் அய்யா
சுடலை


திருத்தங்கல்
21-7-2025

அன்புள்ள அய்யா,

நீங்கள் ஆடிப்பெருக்குக்கு வர வேண்டாம்.

கோபத்தில் எழுதவில்லை. முடிவு எடுத்துவிட்டேன், அதனால் எழுதுகிறேன். பெரிய கம்பெனிக்கு ஒரு வருடக் கட்டணத்தையும் கட்டிவிட்டேன். வாரா வாரம் திங்கட்கிழமை தானாகப் போகும்படி வருடம் முழுவதுக்கும் மெயில்களை எழுதி ஏற்றிவிட்டேன். சாத்தூர்ப் பக்கத்துக் கடைகளை நம்பி முருகன் படமும் லட்சுமி படமும் கூடுதலாக அச்சடிக்கக் கொடுத்திருக்கிறேன். இனி அச்சை நிறுத்த முடியாது.

முனியராஜ் மாமாவுக்கு இந்த வருடம் ஆல்பம் கிடையாது. இரண்டு செலவையும் என்னால் தாங்க முடியாது. போனில் சொன்னேன். "இந்த வருசம் ஆல்பம் இல்ல மாமா" என்றேன். "சரி தாயி" என்றார். அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும்.

நீங்கள் வந்தால் அவருக்காகப் பேசுவீர்கள். பெண்களுக்கு முன்னால் மறுபடியும் நான் ஏதாவது சொல்லிவிடுவேன். முகத்தைப் பார்க்காமல் யார் ஆர்டர் கொடுப்பார்கள் என்று கேட்டீர்கள். எனக்கு இப்போது கடைகளின் முகம் திரையில் தெரிகிறது. ஒரு நாளில் எத்தனை தடவை என்னை நினைக்கிறார்கள் என்பதுகூடத் தெரிகிறது.

உங்கள் சந்தோஷச் செய்தியைத் தீபாவளிக்குச் சொல்லுங்கள். சண்முகத்தாய் ஸ்டோர்ஸ்காரரைத் தெரியும் என்று எழுதியிருந்தீர்கள். அவரிடம் மட்டும் சொல்லுங்கள், முதல் ஆர்டருக்காகக் காத்திருக்கிறேன் என்று.

கற்பகவல்லி


வடக்கூர்
26-7-2025

கற்பகம்,

இதைப் படித்ததும் எழுந்துபோய் முனியராஜுக்குப் போன் போடு. மற்றதைப் பிறகு படி. போனில் சொன்னால் கத்துவோம், முழுதும் கேட்க மாட்டாய், அதனால்தான் எழுதுகிறேன்.

சண்முகத்தாய் ஸ்டோர்ஸ் என்று கடை எதுவும் இல்லை. அது நான்.

காலண்டரின் பின்பக்கம் கட்டம் இருக்கிறது என்று நீ எழுதியிருந்தாய். வகுப்பில் இருந்த காலண்டரைத் திருப்பிப் பார்த்தேன். இருந்தது. டீச்சர் போனில் காட்டினார். பெயர், ஊர், கடைப் பெயர் எழுதச் சொல்லிக் கேட்டது. எழுதிப் பழக நல்ல பயிற்சி என்று எல்லோருக்கும் அவரவர் போனிலேயே மெயில் முகவரி போட்டுக் கொடுத்தார். "எனக்குக் கடை இல்லையே டீச்சர்" என்றாள் ராமுத்தாய். "கடை எழுதாட்டி உள்ள விட மாட்டேங்குது. வச்சிருந்தா என்ன கடை வச்சிருப்பீகளோ அதைப் போடுங்க" என்றார் டீச்சர். ராமுத்தாய் ரொம்ப நேரம் யோசித்து ஜவுளி என்று போட்டாள். முத்துப்பேச்சி பாத்திரக் கடை என்றாள். நான் உன் அம்மா பெயரைப் போட்டேன்.

நீ அனுப்பும் மெயில்தான் எங்கள் பாடம். ஒரு தடவை திறந்தால் எங்களால் ஒரு வரிதான் படிக்க முடியும். கண் வலித்ததும் மூடிவிடுவோம். பிறகு மறுபடியும் திறந்து அடுத்த வரி. திறப்பது உனக்கு நல்லது என்று நீ சொன்ன பிறகு, படித்து முடித்ததையும் திறந்தோம். மகளுக்கு உதவி செய்கிறேன் என்று நினைத்தேன். உன் எழுத்தை உனக்குத் தெரியாமல் தினமும் படிப்பதில் எனக்கு ஒரு கொண்டாட்டம் இருந்தது. சொன்னால் என் பெயரை எடுத்துவிடுவாயோ என்று பயம். அதனால்தான் மறைத்தேன்.

பக்கத்து ஊர்க் கடைகளும் அப்படித்தான். எல்லாம் வகுப்புகள். அந்தப் பட்டியலில் காலண்டர் வாங்குகிற கடை ஒன்றுகூட இருக்காது தாயி. நாங்கள் எல்லோரும் வெடி ஆபீஸ் ஆட்கள்.

இன்றிலிருந்து யாரும் திறக்க வேண்டாம் என்று வகுப்பிலும் பக்கத்து ஊர்களிலும் சொல்லிவிட்டேன். டீச்சர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

ஆடிப்பெருக்குக்கு இன்னும் நாள் இருக்கிறது. முனியராஜ் கோபக்காரன் இல்லை. நீ ஒரு வார்த்தை கூப்பிட்டால் வந்துவிடுவான். நான் வர வேண்டாம் என்றாய், வரமாட்டேன். அவனைக் கூப்பிடு.

சுடலை


திருத்தங்கல்
10-9-2025

அன்புள்ள அய்யா,

ஆடி மாதம் நீங்கள் போட்ட கடிதம் பூஜைக்கு முன்பே வந்துவிட்டது. நான் அதைப் பிரிக்கவில்லை. கவர் கனமாக இருந்தது. முனியராஜ் மாமாவுக்காக நீளமாக எழுதியிருப்பீர்கள், படித்தால் மனம் மாறிவிடுவேன் என்று பயந்தேன். தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. உங்கள் ஆசீர்வாதமாக இருக்கட்டும் என்று புது ஆல்பங்களோடு பூஜையில் வைத்தேன். ஆல்பத்துக்கு வைத்த மஞ்சள் குங்குமத்தை அதற்கும் வைத்தேன். இன்னும் சாமி படத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நீங்களும் அதற்குப் பிறகு எழுதவில்லை. கோபம் என்று புரிந்துகொண்டேன்.

இங்கே என்ன நடந்தது என்று எனக்குப் புரியவில்லை. ஆடிப்பெருக்குக்கு ஒரு வாரம் முன்பிருந்தே யாரும் மெயிலைத் திறக்கவில்லை. ஒருவர்கூட இல்லை. விளக்கை அணைத்தது மாதிரி ஒரே நாளில் நின்றுபோனது. ராமுத்தாய் ஜவுளி இல்லை, பத்திரகாளி டிரேடர்ஸ் இல்லை. சண்முகத்தாய் ஸ்டோர்ஸும் இல்லை.

எழுத்தை மாற்றிப் பார்த்தேன். படத்தை மாற்றிப் பார்த்தேன். விலையைக் குறைத்தேன். அந்தக் கடைக்கு மட்டும் தனியாக ஒரு மெயில் எழுதினேன். என்ன தவறு செய்தேன் என்று சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன் என்று எழுதினேன். வியாபாரக் கடிதத்தில் அப்படி யாரும் எழுத மாட்டார்கள். அதையும் திறக்கவில்லை.

அச்சடித்த முருகன் படங்கள் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கின்றன. பெண்களுக்கு வேலை இல்லை. இருந்தும் வழக்கம்போல வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். காலையில் கம்ப்யூட்டரைப் போடக் கை வரவில்லை.

உங்களுக்கு அந்தக் கடைக்காரரைத் தெரியும் அல்லவா? நேரில் போய்க் கேட்டுச் சொல்லுங்கள். அவர் ஏன் நிறுத்திவிட்டார் என்று மட்டும் தெரிந்தால் போதும்.

கற்பகவல்லி


வடக்கூர்
15-9-2025

அன்பு மகளுக்கு,

சாமி படத்துக்குப் பக்கத்தில் இருப்பதைப் பிரித்துப் படி. அதில் எல்லாம் இருக்கிறது. மறுபடியும் ஒரு தடவை அதை எழுத என்னால் முடியாது.

நீ படித்துவிட்டாய், என் மேல் கோபத்தில் இருக்கிறாய் என்று நினைத்துத்தான் இவ்வளவு நாள் வராமல் இருந்தேன். முனியராஜைக் கூப்பிட்டிருப்பாய் என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன். தினமும் அப்படி நினைத்துத்தான் தூங்கினேன்.

நீ அந்தக் கடைக்கு மட்டும் தனியாக எழுதிய மெயில் வந்தது. வந்தது தெரியும். திறக்கக் கூடாது என்று நானே எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். அதனால் திறக்கவில்லை.

ராமுத்தாய் ஒன்று கேட்கச் சொன்னாள். "நாம அம்புட்டுப் பேரும் சேந்து ஆர்டர் போட்டா என்ன?" என்றாள். "கடை எங்க இருக்கு, உன் முந்தானையிலயா?" என்றான் பத்திரகாளி. "ஆளுக்கு ஒரு காலண்டர் வேணும். அடியில எங் கடை பேரு போட்டுத் தரணும்" என்றாள் அவள். ஒன்று ஒன்றாகப் பெயர் போட்டு அடிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

சுடலை


திருத்தங்கல்
22-10-2025

அய்யா,

படித்தேன். படித்து ஒரு மாதம் ஆகிவிட்டது.

கவரைப் பிரிக்கும்போது குங்குமம் கடிதத்தின் மேல் கொட்டியது. முதல் வரியில் 'எழுந்துபோய் முனியராஜுக்குப் போன் போடு' என்று இருந்தது. எந்தக் கடை எத்தனை தடவை திறந்தது என்று காட்டுவதற்காகத்தான் அந்தக் கம்பெனியைத் தேர்ந்தெடுத்தேன். என் கைக்கு வந்த ஒரே ஒரு கடிதத்தை நான் திறக்கவில்லை. மஞ்சள் வைத்துக் கும்பிட்டிருக்கிறேன்.

உங்கள் மேல் கோபம் இல்லை. இருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுத்துத் தெரியாதவர் என்று நான் சொல்லாமல் இருந்திருந்தால் நீங்கள் வகுப்புக்குப் போயிருக்க மாட்டீர்கள். அந்த இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்து நிற்கிறேன். வேறு இடத்துக்கு யோசனை போகவில்லை.

முனியராஜ் மாமாவைப் போய்ப் பார்த்தேன். வேறு கம்பெனி ஆல்பத்தில் சீசன் ஆர்டர் முழுவதும் எடுத்துக் கொடுத்துவிட்டார். நம் பழைய கடைகள் எல்லாம் அதில் இருக்கின்றன. காபி வாங்கிக் கொடுத்தார். "ஆடிப்பெருக்கன்னைக்குத் திருத்தங்கல் பஸ் ஸ்டாப்புலதான் தாயி நின்னேன். சாயங்காலம் வரைக்கும் பாத்தேன், கூப்புடுவியோன்னு. ஊர்ல எல்லாரும் ஆல்பத்தோட போறாக, நான் வெறும் பையோட நிக்கேன். என்ன மாமா இங்கன நிக்கீகன்னு கேக்குறாக. என்னத்தச் சொல்ல?" என்றார். நான் காபியைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன். அதற்கும் அவர் வருத்தப்பட்டிருப்பார்.

கம்பெனியை மூடிவிட்டோம். தீபாவளிக்கு முதல் நாள் பெண்களைக் கூப்பிட்டுச் சொன்னோம். ஒருத்தியும் அழவில்லை. போன மாதமே தெரிந்துகொண்டிருக்கிறார்கள். எனக்குக் கஷ்டமாக இருக்குமே என்றுதான் ஒன்றும் கேட்கவில்லையாம். டின் அடிக்கும் மெஷினை விற்றாகிவிட்டது. உங்கள் மருமகன் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். நான் வரும் திங்கட்கிழமை முதல் வேறு கம்பெனிக்கு டின் அடிக்கப் போகிறேன். என்னிடம் வேலை பார்த்த இரண்டு பெண்கள் அங்கேதான் இருக்கிறார்கள். "நாங்க சொல்லித் தாரோம்கா" என்றார்கள். கேலியாகச் சொல்லவில்லை.

தீபாவளி அன்று ஊர் முழுக்க வெடிச் சத்தம். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம்.

மெயில்கள் வாரா வாரம் தானாகப் போய்க்கொண்டிருக்கின்றன. உள்ளே போய் நிறுத்த வேண்டும். அந்தத் திரையைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கட்டிய வருடம் முடியும்போது அதுவாக நின்றுவிடும். உங்களுக்கு வந்தால் திறந்து படியுங்கள் அய்யா. இனி யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

ராமுத்தாய் அத்தையிடம் சொல்லுங்கள், காலண்டர் இல்லை என்று.

கற்பகவல்லி


வடக்கூர்
4-11-2025

அன்பு மகளுக்கு,

நேற்று திங்கட்கிழமை. மெயில் வந்தது.

எங்களுக்கு வகுப்பு முடிந்துவிட்டது. பரீட்சை எழுதியிருக்கிறோம், எல்லோரும் பாஸ் என்று டீச்சர் சொன்னார். நேற்று அவர் ஒரு வேலைக்காக எல்லோரையும் வரச் சொல்லியிருந்தார். நீ அனுப்பிய ஒவ்வொரு மெயிலிலும் கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்திருக்கிறது. எத்தனையோ தடவை திறந்தும், அவ்வளவு தூரம் நாங்கள் யாரும் இறங்கி வந்ததே இல்லை. 'இந்த மெயில் வேண்டாம் என்றால் இங்கே தொடவும்.' அதைத் தொட்டால் பெயர் பட்டியலிலிருந்து போய்விடுமாம். தொடுகிறவர்கள் படித்துவிட்டுத்தான் தொட வேண்டும் என்றார் டீச்சர்.

ராமுத்தாய் முதலில் படித்தாள். எழுத்து எழுத்தாக, ஒரு தப்பும் இல்லாமல். படித்துவிட்டு, "எங் கடையை மூடிட்டேன்" என்று தொட்டாள். போனில் வெள்ளிப் பொடி ஒட்டிக்கொண்டது. பிறகு முத்துப்பேச்சி. பத்திரகாளி, "நான் எங்கலே வியாபாரம் பாத்தேன்" என்று சொல்லிக்கொண்டே தொட்டான். ஒவ்வொருவராக எழுந்து வீட்டுக்குப் போனார்கள்.

நான் தொடவில்லை. சண்முகத்தாய் என்ற பெயர்மேல் விரலை வைத்து எடுக்க என்னால் முடியவில்லை. பக்கத்து ஊர் வகுப்புகளிலும் எல்லோரும் தொட்டுவிட்டார்களாம். இனி உன் பட்டியலில் அது ஒன்றுதான் மிச்சம் இருக்கும்.

அடுத்த மாதம் உன்னைப் பார்க்க வருகிறேன். வேண்டாம் என்றால் எழுது, படித்துக்கொள்கிறேன்.

டீச்சரும் போன பிறகு மெயிலை மேலே தள்ளி முதலிலிருந்து படித்தேன். 'அன்புள்ள சண்முகத்தாய் ஸ்டோர்ஸ், வரும் புத்தாண்டிலும் உங்கள் கடைக்குத் துணையாகக் கற்பகம் காலண்டர்ஸ் இருக்கிறது.' நிறுத்தாமல், திக்காமல், ஒரே மூச்சில் படித்துவிட்டேன் தாயி. கேட்கத்தான் வகுப்பில் யாரும் இல்லை.

உன் அய்யா
சுடலை